துடைப்பும் தேய்வும்

கலிபோர்ணியாவின் பெபிள் பீச்சில் 1950 ஆம் ஆண்டு தொடங்கிய மோட்டார் வண்டிக் கண்காட்சியில், கடலோரப் புற்றரையில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் வேகத்தை எவரும் வியப்பதில்லை, துப்புரவையே வியக்கின்றனர். ரயரின் பள்ளங்களிற் புல்நுனி ஒட்டினும் உரிமையாளர் பொறார்; குனிந்து துடைக்கின்றார். வேகத்துக்கெனப் பிறந்த வண்டிக்கு இது விசித்திரமான வாழ்வுதான்! மெருகூட்டல் என்பதோ உண்மையில் தேய்த்தலே. கீறல் நிரம்புவதில்லை, அதனைச் சூழ்ந்த பூச்சே கீறலின் ஆழம்வரை அராவப்படுகின்றது. போன பூச்சு மீளாது. இதனை உணர்ந்தமையாற் போலும், புதுப்பிக்கப்படாத கார்களுக்கென அக்கண்காட்சியிலேயே தனிப் பிரிவு பின்னர் ஏற்பட்டது. வெடித்த தோலிருக்கையும் மங்கிய வர்ணமும் அங்கே மதிப்பிழப்பதில்லை. அவற்றின் உரிமையாளரும் துடைக்கவே செய்கின்றனர். ஆனால் தூசை மட்டும்.