கொடுப்பதும் குடிப்பதும்

புதிதாக வண்டி வாங்கியவரிடம் நம் ஊர்ப்பக்கம் கேட்கப்படும் முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று. "எவ்வளவு குடுக்குது?" என்பதே அது. எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாத இந்த வாக்கியத்தைப் பழனிப் பேருந்து நிலையத்தில் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. கொடுப்பது வண்டி, கொடுக்கப்படுவது கிலோமீட்டர். நாம் ஊற்றும் ஒரு லிட்டருக்கு ஈடாக வண்டி நமக்கு வழங்கும் தொலைவு அது. இந்தக் கொடைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'மைலேஜ்'. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வந்தபின் மைல் நம் சாலைகளை விட்டுப் போய்விட்டது. ஆயினும் கிலோமீட்டரைத் தாங்கி நிற்கும் கல் இன்றும் மைல்கல்தான். என் பாட்டி 'பத்துக் கல் தொலைவு' என்றபோது கல் என்ற சொல்லே மைலைக் குறித்தது. அளவுகள் வழக்கொழிந்த பின்னும் அவற்றின் பெயர்கள் எளிதில் நம்மை விடுவதில்லை.

ஜெர்மனியில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது அவருடைய காரைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஆறு குடிக்குதுங்க ஐயா" என்றார். கடலைக் குடித்த அகத்தியரைக் கேள்விப்பட்டிருக்கிறோம், ஆற்றைக் குடிக்கும் காரை இப்போதுதான் கேள்விப்படுகிறோம் என்று உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர். நம் கணக்கில் லிட்டருக்கு 16.7 கிலோமீட்டர், நல்ல வண்டிதான். ஆனால் அவருடைய வினைச்சொல் மாறியிருந்தது. இங்கே கொடுக்கிற வண்டி, அங்கே போனதும் குடிக்கத் தொடங்கியிருந்தது.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும், அரசு ஆவணங்களைப் பொறுத்தவரை கனடாவிலும், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதே அளவு. சுவீடனில் பத்துக் கிலோமீட்டரை ஒரு 'மீல்' என்பார்கள். ஒரு மீலுக்கு இத்தனை லிட்டர் என்பது அங்குள்ள பேச்சுவழக்கு. ஜப்பான் நம்மைப் போல லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறது. பிரிட்டனிலோ பெட்ரோலை லிட்டரில் வாங்கிவிட்டு, காலனுக்கு எத்தனை மைல் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். லண்டனில் 40 மைல் கொடுக்கும் வண்டி, அமெரிக்கக் கணக்கில் 33 மைல்தான் கொடுக்கும். காரும் சாலையும் மாறவில்லை. காலன் மட்டுமே சிறுத்துவிட்டது.

லிட்டருக்குக் கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு லிட்டர் இரண்டும் ஒரே உண்மையின் நேரும் தலைகீழும்தானே, எப்படிச் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் இதற்கு ஒரு விடை கிடைத்தது.

எங்கள் தெருவில் வாடகை வேன் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். முருகனைத் தரிசிக்க வருகிறவர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போய்த் திரும்புவது அவருடைய வழக்கமான சவாரி. ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அந்தப் பழைய வேன் ஏறும்போது லிட்டருக்கு 8 கொடுக்கும், இறங்கும்போது 16 கொடுக்கும். வண்டியின் உரிமையாளர் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, சராசரி 12 என்று முடிவு செய்துவிட்டார். அப்படியானால் போய்வரும் 128 கிலோமீட்டருக்கு 11 லிட்டர்கூட ஆகக் கூடாது. ஓட்டுநரோ ஒவ்வொரு முறையும் 12 லிட்டருக்கு பில் கொண்டுவந்தார். மிச்ச டீசல் எங்கே என்ற கேள்வி எழுந்தது. சம்பளத்தில் பிடித்தமும் தொடங்கியது. "காசு போனாப் போகுது சார். டீசல் திருடன்னு பேராயிரும்போல இருக்கு" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் உடைந்திருந்தது.

உரிமையாளரிடம் நான் சராசரியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "மேலே போக எத்தனை லிட்டர் குடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "எட்டு." "இறங்கி வர?" "நாலு." சொன்னவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எட்டும் நாலும் பன்னிரண்டு. 128ஐ 12ஆல் வகுத்தால் கிடைக்கும் 10.67தான் அந்தச் சவாரியின் உண்மையான சராசரி. தொலைவு இரு வழியிலும் ஒன்றுதான். ஆனால் ஏற்றம் இரு மடங்கு டீசலை எடுத்துக்கொள்கிறது. குடித்ததைக் குடித்ததோடு கூட்டலாம். கொடுத்ததைக் கொடுத்ததோடு கூட்டிப் பாதியாக்கினால் கணக்கு பிழைத்துவிடும். பிடித்தம் அந்த மாதத்தோடு நின்றது. ஏற்கெனவே பிடித்த பணம் திரும்பி வரவில்லை.

இந்த மயக்கம் பழனிக்கு மட்டும் உரியதன்று. ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். நம் அளவிலேயே பார்ப்போம். 20 கொடுத்த காரை விற்று 25 கொடுக்கும் காரை ஒருவர் வாங்குகிறார். இன்னொருவர் 8 கொடுத்த வேனை மாற்றி 10 கொடுக்கும் வேனை வாங்குகிறார். ஐந்து கூடியவரையே நாம் கெட்டிக்காரர் என்போம். நூறு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் கார்க்காரருக்கு மிச்சம் 1 லிட்டர். வேன்காரருக்கு மிச்சம் இரண்டரை லிட்டர். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, நூறு மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் விலைச்சீட்டில் சேர்த்து அச்சிடுகிறார்கள். இந்தியாவில் 2017-18இல் கார் நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த எரிபொருள் வரம்பும் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றே வகுக்கப்பட்டது. அரசு குடிப்பதைக் கணக்கிடுகிறது. விளம்பரங்கள் கொடுப்பதைப் பாடுகின்றன.

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், நடந்து களைத்த கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம், அருகில்தான் என்கிறான் கோவலன். பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் அந்த விடையில் சற்று நின்றுவிடுகிறேன். தொலைவு சொல்லப்பட்டுவிட்டது. அந்தத் தொலைவுக்கு அவளுடைய பாதங்கள் எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பது அந்த எண்ணில் இல்லை. பயணத்தின் அளவைக் கடந்த தூரத்தில் மட்டும் பார்க்கிறவர்களுக்கு, அதற்காகச் செலவானது கண்ணில் படுவதில்லை. வேன் ஓட்டுநருக்கு நேர்ந்ததும் இதுதான்.

இப்போது பழனியின் தெருக்களில் மின்சார ஸ்கூட்டர்கள் ஓசையின்றி ஓடுகின்றன. பெட்ரோல் போய்விட்டது, லிட்டர் போய்விட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு குடுக்குது?" நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் குடிக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் மட்டும் அதை யூனிட்டில்தான் சொல்கிறது.