மலையில்லா ஊரான் ஏறிய மலை

எங்கள் ஊரில் மலை கிடையாது. மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில் இருக்கும் உயிலங்குளத்தை, போர்க்காலச் செய்திகளைப் படித்தவர்கள் ஒரு சோதனைச்சாவடியின் பெயராகவே அறிந்திருப்பர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்தில், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே மக்கள் கடந்து செல்லும் வழிகளுள் அதுவும் ஒன்றாக இருந்தது. எமக்கோ அது வயலும் பனையும் குளமும் உள்ள ஊர். உயரம் என்று சிறுவயதில் நாம் கண்டது கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டு ஒன்றைத்தான். தெற்கே வில்பத்துக் கடலோரம் குதிரைமலை என்று ஓரிடம் உண்டு. அங்கும் மலை பெயரில் மட்டுமே இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலைப் பார்த்து நிற்கும் செம்மண் மேடு.

இத்தகைய ஊரில் பிறந்து, நாற்பது ஆண்டுகளைப் பத்திரிகை அலுவலகக் கதிரையில் கழித்த எனக்கு, எழுபதாவது வயதில் மலையேறும் யோகம் வாய்த்தது. அதுவும் லண்டனுக்கு அருகே, தருமத்துக்காக.

2024 செப்டெம்பரில் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை, காலஞ்சென்ற என் அண்ணரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“சித்தப்பா, வாற ஞாயிறு பொக்ஸ் ஹில் ஏறப் போறம். நாலு தரம் ஏறி இறங்க வேணும். ஒரு ஏற்றத்துக்கு எவ்வளவு தருவீங்கள்?”

“ஐம்பது பவுண் தருகிறேன் பிள்ளை. ஏறாமலே வாங்கிக்கொள்” என்றேன்.

“காசை எழுதிப்போட்டன். இனி ஆளும் வர வேணும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்த முறையைப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் குறித்த தூரம் நடப்பதாகவோ, குறித்த மலையை ஏறுவதாகவோ அறிவிப்பார். உற்றார், உறவினர், உடன் வேலை செய்வோர் ஆகியோரிடம் படிவத்தை நீட்டுவார். அவர்கள் மொத்தமாகவோ, ‘ஒரு மைலுக்கு இவ்வளவு’ என்ற கணக்கிலோ தொகை எழுதுவர். நடந்து முடித்ததும் பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். பிரித்தானியாவில் கொடுப்பவர் வரி செலுத்துபவராக இருந்து அதற்கான ஒப்புதலையும் தந்தால், ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸை அத்தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

பத்திரிகையாளன் என்ற முறையில் இவற்றை நான் நீண்டகாலம் ஏளனமாகவே பார்த்து வந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரே நிறச் சட்டையணிந்து, பதாகை ஏந்தி, சிரித்தபடி நிற்கும் படங்கள் வாரந்தோறும் என் மேசைக்கு வரும். பணம் வேண்டுமென்றால் கேட்க வேண்டியதுதானே, ஏன் நடக்கிறார்கள்? நடப்பதால் நோயாளிக்கு என்ன கிடைக்கும்? இப்படிக் கேட்டுக்கொண்டே அப்படங்களை உள்பக்க மூலைக்கு அனுப்பிவிடுவேன்.

ஆனால் நடந்து கேட்பது நமக்குப் புதிதன்று. 1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதான இயக்கத்துக்காக வினோபா பாவே ஆண்டுக்கணக்கில் ஊரூராக நடந்து நிலம் கேட்டார். வாகனத்தில் வந்து கேட்டிருந்தால் அத்தனை பேர் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே. 1980இல், புற்றுநோயால் வலது காலை இழந்த டெரி பொக்ஸ் என்ற கனேடிய இளைஞர், செயற்கைக் காலுடன் தம் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியது. மறு ஆண்டு ஜூனில் அவர் காலமானார். அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் நடக்கிறது. ஹொங்கொங்கில் மலைமுகடுகள் வழியே செல்லும் 100 கிலோமீற்றர் மக்லிஹோஸ் பாதையில் 1981இல் கூர்க்காப் படையினர் பயிற்சியாகத் தொடங்கிய நடை, 1986இலிருந்து பொதுமக்களும் பங்குகொள்ளும் ஒக்ஸ்பாம் நிறுவனத்தின் நிதி நடையாயிற்று. நால்வர் கொண்ட குழுவாக 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அதன் விதி.

நம் நாட்டிலும் ஒரு பெருநடை நிகழ்ந்தது. 2011 ஜூலையில், நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவரின் முன்முயற்சியில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாள்களில் நடந்து கடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்பது அந்நடையின் பெயர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு 20 இலட்சம் அமெரிக்க டொலர் திரட்டுவது நோக்கம். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த வேளையில், கொழும்பில் செய்தி மேசையில் இருந்த நான், “பார்க்கலாம்” என்று சொல்லி அச்செய்தியை ஒற்றைப் பத்தியாகச் சுருக்கினேன். 2013இல் அந்த வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி மறுபடி நடந்தார்கள். அது காலி கராப்பிட்டியவில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காக. வடக்குக்காகத் தெற்கிலிருந்தும், தெற்குக்காக வடக்கிலிருந்தும் நடந்தார்கள் என்பதை இப்போது நினைக்கையில், அன்று நான் வெட்டியெறிந்த வரிகளை எண்ணி வெட்கப்படுகிறேன்.

வெட்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

2003இல் என் அண்ணிக்கு மார்பில் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். அண்ணர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சிகிச்சைக்கு மகரகமவுக்குப் போக வேண்டும். உயிலங்குளத்திலிருந்து முந்நூறு கிலோமீற்றர் அளவு. தலைமன்னார்ப் பாதையில் 1990இல் நின்றுபோன ரயில் அப்போது இல்லை. 2015இல்தான் தலைமன்னார் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. பஸ் மாறி மாறிப் போய், இரவு கொழும்பில் எங்காவது தங்கி, விடியுமுன் வரிசைக்குப் போக வேண்டும். “கொழும்பில் நான் இருக்கிறேன் அண்ணி, பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிப் போகிறேன்” என்று வாக்களித்தேன். முதல் முறை போனேன். இரண்டாம் முறை சமாதானப் பேச்சு பற்றிய செய்தியொன்று வந்துவிட்டது. அடுத்த முறை வேறு ஏதோ. அதன்பின் அவர் எனக்குச் சொல்லாமலே வரப் பழகிக்கொண்டார். துணைக்குப் பதினான்கு வயது மகள். 2005இல் அண்ணி போய்ச்சேர்ந்தார். அந்த மகள்தான் என்னைப் பொக்ஸ் ஹில் ஏற அழைத்தவள்.

பொக்ஸ் ஹில் பெரிய மலையன்று. சரே மாவட்டத்தில் உள்ள அதன் உச்சி 224 மீற்றர் மட்டுமே. நம் சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். அதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. பொக்ஸ் என்ற மரங்கள் செறிந்து வளர்வதால் அப்பெயர். 2012 ஒலிம்பிக்கின் ஆண்கள் சைக்கிளோட்டத்தில் வீரர்கள் ஒன்பது முறை சுற்றி ஏறிய மலை இதுதான். அடிவாரத்தில் மோல் ஆறு ஓடுகிறது. அதைக் கடக்க வரிசையாகக் கற்கள் இட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில், எதிரி இறங்கினால் பயன்படக் கூடாதென்று முன்பிருந்த கற்களை அகற்றிவிட்டார்களாம். 1946இல் புதுக் கற்களைப் பிரதமர் அட்லி திறந்து வைத்தார். போருக்காகப் பெயர்த்த வழியைப் போர் முடிந்த மறு ஆண்டே மீண்டும் போட்டுவிட்ட ஊர் என்று நினைத்துக்கொண்டே, பெறாமகளின் கையைப் பிடித்துக் கற்களைத் தாண்டினேன்.

கற்களைத் தாண்டியதும் மரப்படிகள் வைத்த செங்குத்தான பாதை. சுண்ணாம்புக் கல் மலையாதலால், முதல்நாள் மழையில் நனைந்த இடங்கள் சவர்க்காரம் போல் வழுக்கின. எங்கள் குழுவில் இருபது பேரளவில் இருந்தார்கள். அநேகர் அங்கே பிறந்த பிள்ளைகள். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ஏற, நான் ஒவ்வொரு வளைவிலும் காட்சியை இரசிப்பவன் போல நின்று மூச்சு வாங்கினேன். முதல் ஏற்றம் முடிந்தது. இரண்டாவதில் முழங்கால் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மூன்றாவதற்கு மறுத்து, மேலே உள்ள பார்வைமேடையில் அமர்ந்துவிட்டேன். இந்த மலையை விலைக்கு வாங்கி 1914இல் பொதுமக்களுக்குக் கொடையாக அளித்த லியோபோல்ட் சாலமன்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பிய மேடை அது.

பெறாமகள் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். நெடுநாள் சொல்ல நினைத்ததை அப்போது சொன்னேன். அந்த நாள்களில் நான் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அது இன்னும் உறுத்துகிறது என்றேன்.

அவள் சற்று நேரம் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்ராண்டில உங்கட பேப்பர் ஒண்டு வாங்குவா சித்தப்பா. உங்கட பேர் வந்திருக்கோ எண்டு பாத்திட்டு, அதை யன்னலுக்குள்ளால போட்டுச் சீட்டுப் பிடிப்பா. நீங்கள் வராட்டியும் உங்கட பேப்பர் எங்களுக்குச் சீட்டுப் பிடிச்சுத் தந்தது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

பிறகு அவள் வேறொன்றும் சொன்னாள். பஸ் நிறுத்தத்திலிருந்து வைத்தியசாலைக்குள் போய்ச் சேரும் வரை அம்மா எத்தனை இடத்தில் நின்றா என்பதை அந்த வயதில் எண்ணுவாளாம். முதல் மாதம் இரண்டு இடம். கடைசி மாதம் ஒன்பது. “அதுக்கு ஆரும் காசு எழுதேல்லை” என்றாள்.

ஏன் நடக்கிறார்கள் என்ற என் பழைய கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. நோயாளிகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் அடிகளை எவரும் எண்ணுவதில்லை. நலமுள்ளவர்கள் ஒருநாள் நடந்தால், அதை எண்ணிப் பணம் எழுத நாலு பேர் முன்வருகிறார்கள். இதில் உள்ள அநீதியை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. எண்ணப்படும் அடிகளின் கூலியை எண்ணப்படாத அடிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பது மட்டும் தெரிகிறது. எங்கள் தாய்மார் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து நடந்ததும் யாரோ ஒருவரின் நோய்க்காகத்தானே. அதை நாங்கள் ஏளனம் செய்ததில்லை.

எழுந்து, படிகளில் இறங்கி, மூன்றாவது தடவையும் ஏறினேன். நாலாவதை அவள் தனியே ஏறினாள்.

திரட்டிய பணம் பெரிய தொகையன்று. மன்னாரிலிருந்தும் வன்னிக் கிராமங்களிலிருந்தும் சிகிச்சைக்குப் போகும் ஏழைகளுக்கும் அவர்களுடன் துணைக்குச் செல்வோருக்கும் பஸ் கட்டணமும் தங்குமிடச் செலவும் கொடுப்பதே குழுவின் வேலை. தெல்லிப்பழையில் வைத்தியசாலை வந்தபின், 2011 ஜனவரியில் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாக, பழைய தூரத்தின் பாதிக்கும் குறைவான பயணத்தில் எம்மவர் அங்கே போய்ச்சேரலாம். ஆயினும் பயணம் பயணம்தான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஏறிய செலவுகளை நாட்கூலிக்காரர் ஒருவர் மாதந்தோறும் தாங்குவது எளிதன்று. மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், மருந்துள்ள இடத்துக்குப் போக வழியின்றிச் சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஏளனத்தை விட்டுவிட்டேன், சந்தேகத்தை விடவில்லை. அது தொழில் தந்த குணம். படிவத்தோடு ஒருவர் உங்களிடம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எந்தப் பதிவு செய்த அமைப்பின் ஊடாகப் போகிறது? சட்டைக்கும் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் எவ்வளவு கழிகிறது? கொடுத்தபின் கணக்கைக் காட்டுவது யார்? நல்ல குழுவினர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்கள். பெறாமகளிடமும் கேட்டேன். முதலிரண்டுக்கும் உடனே பதில் சொன்னாள். மூன்றாவதற்கு என்னையே நியமித்துவிட்டாள்.

ஆகவே ஊர் திரும்பிய நாள் முதல் அந்தக் கணக்குக் கொப்பி என் மேசையில் இருக்கிறது. பஸ் பற்றுச்சீட்டுகளை ஒட்டி, தேதி போட்டு, மாதக் கடைசியில் லண்டனுக்கு அனுப்புகிறேன். துணைக்கு ஆளில்லாத நோயாளி எவராவது இருந்தால், முடிந்த நாள்களில் நானே கூடப் போகிறேன். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கப் பத்திரிகை ஒன்றும் கொண்டுபோகிறேன்.

காலையில் கட்டுக்கரை அணைக்கட்டில் நடக்கிறேன். அங்கே ஏற்றம் இல்லை. காற்றுத்தான் எதிர்த்து நிற்கிறது. அடுத்த முறை நாலு தடவையும் ஏறுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வாக்கையாவது காப்பாற்ற வேண்டும்.