சைக்கிள் எந்த வீட்டில் நிற்கும்?

ஊரிலே கணவன் மனைவி பிரிந்தால் பெரியவர்கள் கூடுவர். நகை எத்தனை பவுன், சீர்ப்பாத்திரம் எத்தனை, திருப்பித் தரவேண்டிய தொகை எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தீர்த்து வைப்பர். பிள்ளை எங்கே வளர்வது என்பது அக்கணக்கின் கடைசி வரி. பல வேளைகளில் அவ்வரியே இராது. பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த நாம் அவ்வழக்கத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தோம்.

2022-ஆம் ஆண்டு, மாட்டுங்காவில் நம் வீட்டுக் கூடத்தில் அத்தகைய கூட்டம் ஒன்று நிகழ்ந்தது. நெல்லைச் சீமைத் தம்பதியர். கணவர் தாராவியில் தம் பெற்றோருடனும், மனைவி செம்பூரில் தாய்வீட்டிலும் இருந்தனர். மனமொத்துப் பிரிவதென இருவரும் துணிந்துவிட்டனர். எட்டு வயது மகனைப் பற்றித்தான் இணக்கம் பிறக்கவில்லை.

"பையன் எங்க குடும்பத்து வாரிசு அண்ணாச்சி" என்றார் கணவர். "பெத்தவ நான் உயிரோடதான இருக்கேன்?" என்றார் அம்மையார்.

உடனிருந்த வழக்கறிஞர் நண்பர் சட்டத்தை எடுத்துரைத்தார். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதற் காப்பாளர் என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் கூறும். ஆயினும் பிள்ளையின் நலனே தலையாயது என்பதும் அச்சட்டத்தின் விதியே. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், 'பின்' என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது எனத் தெளிவுபடுத்தியது. பெற்றோர் இருவரும் கூடி வளர்ப்புத் திட்டம் எழுதிக்கொள்வதைச் சட்ட ஆணையம் 2015-இல் தந்த 257-ஆம் அறிக்கை பரிந்துரைத்தது.

நாமும் எழுதத் தொடங்கினோம். 'ஞாயிறுதோறும் காலை 10 முதல் மாலை 5 வரை தந்தை சந்திக்கலாம்' என்பது முதல் வரி. உள்ளறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுவன் வெளியே வந்து, "தாத்தா, என் சைக்கிள் எந்த வீட்டுல நிக்கும்?" என்று கேட்டான்.

கூடம் அடங்கிப்போயிற்று. யாருக்கு எத்தனை மணி நேரம் என்று பங்கு பிரித்தோமே ஒழிய, அவன் பொழுது எப்படி விடியும் என்று எவரும் எண்ணவில்லை. அத்தாளைக் கிழித்தோம்.

புதிய தாள் அவன் நாளிலிருந்து தொடங்கிற்று. பள்ளி செம்பூரில், ஆகவே பள்ளி நாள்களும் சைக்கிளும் அங்கே. ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி மாலை தந்தை பள்ளி வாசலிலேயே அழைத்துக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கித் தாராவிக்குச் செல்வார். திங்கள் காலை பள்ளியில் விடுவார். தீபாவளி ஒரு வீட்டில், பொங்கல் மறு வீட்டில். மறு ஆண்டு மாற்றிக்கொள்வர். கோடை விடுமுறையில் பாதி தந்தையோடு. காய்ச்சல் கண்டால் அன்றே தெரிவித்தல், பள்ளிப் பதிவேட்டில் இருவர் பெயரும், கட்டணம் சரிபாதி, மும்பையை விட்டுப் போக நேர்ந்தால் முன்கூட்டிப் பேசுதல், பிள்ளையைத் தூது அனுப்பாமை. ஆண்டுதோறும் ஜூனில் அனைத்தையும் மறுபடி பார்த்தல்.

பாந்திராவிலுள்ள குடும்ப நீதிமன்றத்தில், மனமொத்த மணவிலக்கு மனுவோடு அதனை அளித்தனர். தீர்ப்பிலும் அது இடம்பெற்றது. பிள்ளையின் நலன் வேண்டினால் நீதிமன்றம் பின்னர் அதனை மாற்றவும் இயலும்.

எல்லாம் இனிதே நடந்தது எனச் சொல்லோம். முதல் தீபாவளிக்கு மகன் இல்லாத வீட்டில் அம்மையார் நம்மிடம் வந்து அழுதார். ஆயினும் அன்று அவனைத் திரும்ப அழைக்கவில்லை.

2024 ஜூனில் மூவரும் மீண்டும் நம் கூடத்திற்கு வந்தனர். தாராவித் தாத்தாவோடு கேரம் ஆடப் புதன் மாலையும் வேண்டுமென்று சிறுவன் கேட்டான். அம்மையார் சற்று யோசித்து, "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

எழுதினோம்.