கோலாலம்பூரில் ஒரு கட்டடக் கலைஞரின் கைவண்ணம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. நூலிற் படித்ததைக் கண்ணாற் கண்டு தெளியும்போதே கல்வி நிறைவு பெறுகின்றது. இக்கருத்தை உளங்கொண்டு, நம் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் 24 பேரைக் கோலாலம்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்ல விழைந்தோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தபோது, தந்தையார் ஒருவர் எழுந்து, "ஐயா, பழைய கட்டடங்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஆவதென்ன? அதே செலவில் ஒரு கேளிக்கைப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றால் மகிழ்வார்களே!" என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. தோட்டத்தில் உழைப்போருக்கு ஒவ்வொரு வெள்ளியும் வியர்வையின் விலை. "பூங்காவில் அவர்கள் விளையாடி மகிழ்வார்கள், கட்டடங்களின்முன் நின்றால், இவை எவ்வாறு தோன்றின என்று வினவுவார்கள். அவ்வினாவிற்காகவே அழைத்துச் செல்கிறேன்" என்று மறுமொழி கூறினேன். சங்கத்தார் இசைந்தனர்.

விடியற்காலை 4 மணிக்குப் பேருந்து புறப்பட்டது. வழியில், நாங்கள் காணவிருந்த கட்டடங்களை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்பவரைப் பற்றி மாணவர்களுக்கு எடுத்துரைத்தேன். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1871இல் பிறந்த அவர், 1895இல் சிலாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் தலைமை வரைவாளராகப் பணியேற்றார். கோலாலம்பூரில் மட்டுமன்றி, ஈப்போ இரயில் நிலையமும் கோலாகங்சார் உபுதியா பள்ளிவாசலும் அவர் வரைந்தவையே. உபுதியா பள்ளிவாசல் எழும்பிக்கொண்டிருந்தபோது யானைகள் இரண்டு மோதிக்கொள்ள, இத்தாலியப் பளிங்குக் கற்கள் சிதைந்து, மீண்டும் தருவிக்க நேர்ந்ததாம். இதனைச் சொன்னபோது உறங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துக்கொண்டனர்!

முதலில் ஜாமெக் பள்ளிவாசலை அடைந்தோம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில், தென்னை மரங்கள் சூழ அஃது அமைந்துள்ளது. 1909இல் திறப்பு விழாக் கண்ட இப்பள்ளிவாசல், 1965இல் தேசியப் பள்ளிவாசல் எழும்வரை தலைநகரின் முதன்மைத் தொழுகைக் கூடமாகத் திகழ்ந்தது. செங்கல்லின் சிவப்பும் சுதையின் வெண்மையும் மாறி மாறி வரிவரியாக அமைந்த அழகில் மாணவர்கள் உள்ளம் பறிகொடுத்தனர். வட இந்திய மொகலாயர் கலையைத் தழுவி ஓர் ஆங்கிலேயர் வரைந்ததை, மலாய் மண்ணில் மக்கள் தமதாக ஏற்றுக்கொண்டனர். கலைக்கு எல்லையில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்கிருந்து மெர்டேக்கா சதுக்கத்திற்கு நடந்தோம். எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் நெடிது நின்றது. 1894இல் தொடங்கி 1897இல் நிறைவுற்ற இதனை ஒருவர் கைவண்ணம் எனல் பொருந்தாது. முதலில் நார்மன் என்பார் மேலைநாட்டு முறையில் வரைந்தார். மாநிலப் பொறியாளர் ஸ்பூனர், கீழைநாட்டுச் சாயலே பொருந்தும் என்றார். பிட்வெல் என்பார் அதற்கேற்பத் திருத்தி வரைந்தார். புதிதாக வந்திருந்த இளைஞர் ஹப்பேக்கும் அப்பணியில் துணைநின்றார். பிறர்க்குத் துணைநின்று கற்றவரே பின்னாளில் தாமே படைக்கும் ஆற்றல் பெற்றார் என்பதை மாணவர்கள் நெஞ்சில் இருத்துதல் நன்று. 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் அந்நியக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய திடலும் இதுவே என்றபோது, பிள்ளைகள் தாமாகவே அமைதியுற்றனர்.

இறுதியாகப் பழைய இரயில் நிலையத்திற்குச் சென்றோம். 1910இல் கட்டி முடிக்கப்பட்ட இந்நிலையம் வளைவுகளும் சிறு மண்டபங்களும் கொண்டு, வெண்ணிற அரண்மனைபோல் காட்சியளிக்கின்றது. எதிரே 1917இல் எழுந்த இரயில்வே தலைமையகமும் ஹப்பேக் வரைந்ததே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்வதற்காகக் குளுவாங்கில் இரவு இரயில் ஏறி, ஒரு தகரப் பெட்டியுடன் நான் முதன்முதலில் வந்திறங்கியது இந்நிலையத்தில்தான். பால்மரம் வெட்டிய தொழிலாளியின் மகனாகிய என்னையும் அவ்வளைவுகள் ஒரு விருந்தினனைப்போல் வரவேற்றன. 2001இல் நெடுந்தூர இரயில்கள் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு மாறின. இன்றும் புறநகர் இரயில்கள் இங்கு நிற்கின்றன. தண்டவாளம் அமைத்த பணியில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் உழைத்தனர் என்பதையும், யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர் என்பதையும் மாணவர்க்குக் கூறினேன்.

அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, எங்கள் பாட்டி குடியிருந்த லயத்து வீட்டிற்கும் யாராவது வரைபடம் வரைந்திருப்பார்களா?" என்று வினவினாள்.

நான் சிறிதுநேரம் சிந்தித்தேன். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஓர் அஞ்சடி. அதே அளவில் வரிசையாகப் பல வீடுகள். அவற்றிற்கும் எவரோ அளவு குறித்துத்தான் இருப்பார். "ஆம் அம்மா, வரைந்திருப்பார்கள். ஆனால் இந்நிலையத்தை வரைந்தவர், இங்கு வந்திறங்குவோர் மகிழ வேண்டும் என்று எண்ணினார். லயத்தை வரைந்தவர், எத்தனை பேரை எவ்வளவு குறைந்த செலவில் குடியமர்த்தலாம் என்று எண்ணினார். வரைகோல் ஒன்றே, எண்ணமே வேறு" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் அவ்வளைவுகளை நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் ஓவிய வகுப்பில், கண்டவற்றுள் ஒன்றை வரையுமாறு பணித்தோம். பலர் கூம்பு மாடங்களை வரைந்தனர். அம்மாணவியோ பாட்டிக்கு ஒரு வீடு வரைந்திருந்தாள். முழங்கால் வலியுள்ளவர் ஏறுவதற்கேற்பத் தாழ்ந்த படிகள்; காற்று வர அகன்ற சன்னல்; சமையற்கட்டில் நின்றவாறே வாசலைக் காணும் வழி. வாயிலில் மட்டும் இரயில் நிலையத்து வளைவு ஒன்று! அவ்வோவியம் இன்று நம் பள்ளி நூலகச் சுவரை அணிசெய்கின்றது. கேளிக்கைப் பூங்காவைப் பரிந்துரைத்த தந்தையார் அதனைக் கண்டு, "அடுத்த ஆண்டு எங்கே ஐயா?" என்று கேட்டார்.

மாணவச் செல்வங்களே! சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். கணிதமும் அறிவியலும் மொழியறிவும் உங்களுக்குச் சுவராகட்டும். கட்டட வரைவாளர் ஆதல் தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாக்கனி அன்று. நாளை உங்கள் கையில் வரைகோல் வருமாயின், அங்கு வாழப்போகும் எளியவரை முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு கோடு போடுங்கள்.