உள்ளே வந்தவனா, வாசலில் நின்றவனா?

38, 4.5. ரெண்டு வாரமா இந்த ரெண்டு நம்பரும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பொட்டி தட்டுறவன் பொழப்பே நம்பரோடதான், ஆனா இது கொஞ்சம் வேற மாதிரி நம்பர்.

2003 ஜனவரியில் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆட்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. சினைப்பைப் புற்றுநோய் முற்றிப்போன 186 பெண்களோட கட்டியை எடுத்து, உள்ளே டி செல் இருக்கான்னு பார்த்திருக்காங்க. இருந்தவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டினவங்க 38 சதவீதம். இல்லாதவங்கள்ல 4.5.

என் சித்திக்கு வந்திருக்கிறதும் அதேதான். மூணாவது ஸ்டேஜ். இந்தக் கட்டுரையைத் தேடிப்பிடிச்சு அனுப்பினது அவங்க பொண்ணு, என் தங்கச்சி. "அண்ணா, நீதானே டேட்டா ஆளு, அம்மா இதுல எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

டி செல்னா நோய் எதிர்ப்புப் படையில் ஒரு பிரிவு. எனக்கு ஆச்சரியமா இருந்தது எண்ணிக்கை இல்ல, இடம். புற்றுநோய் செல்கள் தீவுத்தீவா கூடி நிக்கும், சுத்தி நார்த்திசு. அந்த நார்த்திசுவோட நின்னுட்ட டி செல்லைக் கணக்குல சேர்க்கல, தீவுக்குள்ள புகுந்ததுதான் கணக்கு. தெருமுனையில டீ குடிக்கிற போலீஸ் வேற, வீட்டுக்குள்ள நுழைஞ்ச போலீஸ் வேற இல்லையா... அந்த மாதிரி.

உள்ள வந்தவங்க எல்லாருமே நம்மாளுங்களும் இல்ல. "விடுப்பா, அடங்கு"ன்னு மத்த செல்களை அமர்த்துற ஒழுங்குபடுத்தும் டி செல்னு ஒரு கூட்டம் இருக்கு. கட்டியே அதுங்களை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்குதுன்னு 2004ல் கண்டுபிடிச்சாங்க. கொல்ற வகையான சிடி8 செல், இந்த அமர்த்துற கூட்டத்தை விட அதிகமா இருந்தா நல்லதுன்னு 2005ல் இன்னொரு ஆராய்ச்சி. 2017ல் 5,500க்கும் மேல கட்டிகளைப் பார்த்தாங்க. இந்த நோய்ல ரொம்பப் பரவலான வகையில, சிடி8 கொஞ்சமும் இல்லாதவங்களோட இடைநிலை ஆயுள் 2.8 வருஷம், நிறைய இருந்தவங்களுக்கு 5.1. 2003 காட்டின மலை-மடு வித்தியாசம் இல்ல, ஆனா படிப்படியா ஏறுது.

டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். மனுஷர் கோவிச்சுக்கல. "பார்க்கலாம் தம்பி. பார்த்துட்டு என்ன பண்ணப் போறோம்? நிறைய இருந்தாலும் இதே கீமோ, இல்லேன்னாலும் இதே கீமோ."

ஆபீஸ்ல நான் எழுதுறதே ப்ரெடிக்‌ஷன் மாடல்தான். எந்தக் கஸ்டமர் ஓடிப்போவான்னு முன்கூட்டியே சொல்லணும். சொன்னதும் அவனுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் போகும். கூப்பன் இல்லேன்னா என் மாடலுக்குச் சம்பளம் யாரு கொடுப்பா? இங்க கணிப்பு இருக்கு, கூப்பன் இல்ல.

டி செல்லை உசுப்பிவிடுற மருந்துகளை இந்த நோய்லயும் போட்டுப் பார்த்திருக்காங்க. திரும்ப வந்த நோய்ல பெம்ப்ரோலிசுமாப் தனியா கொடுத்தப்போ நூத்துக்கு எட்டுப் பேருக்குத்தான் கட்டி சுருங்கினது (2019). பிளாட்டினம் மருந்துக்கு மசியாத நோய்ல, வாராவாரம் கீமோவோட சேர்த்துக் கொடுத்தா ஆயுள் கூடுதுன்னு 2025ல் ஒரு முடிவு வந்துது. சித்தி அந்தக் கட்டத்துல இல்ல.

டாக்டர் தானா எழுதிக்கொடுத்தது வேற டெஸ்ட்: பிஆர்சிஏ ஜீன். இதுல கூப்பன் இருக்கு. பழுது இருந்தா, கீமோ முடிஞ்சதும் ஒலாபரிப் மாத்திரை. நோய் முத்துறதோ மரணமோ நேர்ற அபாயத்தை அது 70 சதவீதம் குறைச்சதா 2018ல் வந்த ஆராய்ச்சி சொல்லுது. பிஆர்சிஏ பழுது இருக்குற கட்டிகள்ல டி செல் கூட்டமும் பொதுவா அதிகம். நம்ம தங்கச்சி கேட்ட கேள்விக்குக் கொல்லைப்பக்கமா ஒரு பதில்!

ரிசல்ட் வந்துடுச்சு. பிஆர்சிஏ1ல பழுது இருக்கு. சித்திக்கு அது நல்ல சேதி. ஆனா தங்கச்சிக்கு? அவளுக்கும் அதே பழுது இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் அம்மாவுக்கும் அப்படித்தான், அம்மாவுக்கு இருந்தா அடுத்து நான். (ஆம்பளைன்னா தப்பிச்சோம்னு இல்ல மக்கா, நம்மகிட்டயும் அது இருக்கலாம், பிள்ளைக்கும் போகலாம்.)

அம்மா யோசிக்கலாம்னு தள்ளிப்போட்டுட்டாங்க. தங்கச்சிக்கு வயசு 24. ஒரு வாரம் யார்கூடவும் சரியாப் பேசல. நேத்து போய் ரத்தம் கொடுத்துட்டு வந்து போன் பண்ணினா.

"ரிசல்ட் வர மூணு வாரம் ஆகுமாம். எது வந்தாலும் முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன். தயவு செஞ்சு கிராஃப் மட்டும் போட்டுக் காட்டாத, என்ன?"

சரின்னு சொல்லியிருக்கேன்.