இத்துப்போன பலகை

அப்பாவுக்குக் கட்டைவிரல் நகம்தான் கருவி. வள்ளத்தைக் கரையேற்றியதும் அடிப்பலகையை அழுத்திப் பார்ப்பார். நகம் உள்ளே இறங்கினால், "இத்துப்போச்சுல" என்பார். மேற்பரப்பு சாம்பல் பூத்துக் குழைந்திருக்கும். சுரண்டினால் அடியில் மரம் திடமாகவே இருக்கும். உப்புத்தண்ணி தின்னுட்டு என்பதுதான் எங்கள் தெருவின் விளக்கம்.

நான் பொறியியல் சேர்ந்த வருஷம், பலகை மாற்ற வைத்திருந்த பணம் என் கட்டணமாகப் போனது. அடுத்த வருஷம் வள்ளம் விறகு விலைக்குப் போனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கடலுக்குள்ளும் மரம் தின்னும் பூஞ்சைகள் உண்டு என்று எனக்குத் தெரிய முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. பார்கூர்ன், லிண்டர் என்ற இரு அமெரிக்கர்கள் 1944-லேயே அவற்றைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். இரவு வேலை நேரத்தில், பில்ட் ஓடி முடியக் காத்திருந்தபோது தற்செயலாகப் படித்தேன். மேல் மட்டும் குழைந்து அடி திடமாக இருக்கும் அந்த அழுகலுக்குத் தனிப் பெயரே இருக்கிறது: மென்னழுகல்.

பூஞ்சைக்கு வயிறு கிடையாது. நொதிகளை வெளியே கசியவிட்டு, அங்கேயே செரித்து, கரைந்த சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தின் செல்லுலோஸ், ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒரு நொதி அதை நடுவில் வெட்டுகிறது. இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டாகக் கழற்றுகிறது. மூன்றாவது அந்த ஜோடியையும் பிரிக்கிறது. இவ்வளவு சுத்தமாக வேலை பிரித்து நான் ஒரு நிரல்கூட எழுதியதில்லை.

ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்ய ஆலைகள் இதே வகை நொதியைத்தான் பயன்படுத்துகின்றன. அவை பெரும்பாலும் நிலத்துப் பூஞ்சைகளிடமிருந்து வருபவை. உப்பு ஏறினால் பல நொதிகள் மடங்கிய வடிவம் குலைந்து சோர்ந்துவிடும். கடல் பூஞ்சையின் நொதியோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரில் வேலை பார்த்துப் பழகியது. கடற்பாசியின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி எரிபொருள் எடுக்க நினைப்பவர்கள் அதனால்தான் இதைத் தேடுகிறார்கள். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவும் செலவு குறையுமே.

எங்கள் வள்ளத்தைத் தின்றதை ஆய்வகத்தில் ஊட்டி வளர்க்கிறார்கள்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். கட்டணப் பணம் பற்றியும் முதல்முறையாகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுவும் வயித்துப்பாட்டுக்குத்தான தின்னுருக்கு. நீயும் அதுலதான படிச்ச. விடுல."

பிறகு, அங்கே மழை உண்டா என்று கேட்டார்.