நாற்பது வாட் ஆசை

ஐ.ஆர்.எஃப். 510 மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடுதான் அதன் டிரெய்ன். அதை அப்படியே ஹீட் சிங்க்கில் திருகினால், சுவிட்சைப் போட்டதும் 28 வோல்ட்டும் ஷார்ட். மதுரை ஹாம் ரேடியோக்காரர் ஒருவர் முதல் லீனியர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டியபோது மைக்காத் தகட்டை மறக்காமல் வைத்தார்; திருகுக்குப் போடும் பிளாஸ்டிக் புஷ்ஷை மறந்தார். பவர் சப்ளை ‘டிக்’கென்று படுத்துக்கொண்டது. நல்லவேளை, டிரான்சிஸ்டர் பிழைத்தது.

அவரிடம் இருந்தது 5 வாட் எஸ்.எஸ்.பி. ரிக். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் பெங்களூரோடும் கோவையோடும் பேச அது போதும். இரவில் கூட்டம் சேர்ந்தால் அவர் குரல் அடியில் போய்விடும். கையில் இருப்பது ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு லைசென்ஸ், 50 வாட்தான் எல்லை. எனவே ஆசையும் 40 வாட்டோடு நின்றது.

மலிவாகத் தேடினால் முதலில் கண்ணில் படுவது சி.பி. ரேடியோவுக்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள். அமெரிக்காவின் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி.யில் ஏ.எம்.முக்கு 4 வாட், எஸ்.எஸ்.பி.க்கு உச்சத்தில் 12 வாட். வெளி ஆம்ப்ளிஃபயர் மாட்டுவதையே எஃப்.சி.சி. தடைசெய்திருக்கிறது. அதனால் இந்தச் சந்தை பாதி மறைவில்தான் ஓடுகிறது. மேலே ‘லீனியர்’ என்று எழுதியிருக்கும். பல பெட்டிகளில் பயாஸ் சர்க்யூட்டே இருக்காது. பயாஸ் இல்லாத டிரான்சிஸ்டர் சிக்னல் சிறிதாக இருக்கும்போது தூங்கும், பெரிதானால்தான் விழிக்கும். எஃப்.எம்.முக்கு அது பாதகமில்லை. எஸ்.எஸ்.பி.யிலோ மெல்லிய ஒலிகள் அறுபட்டு, கிழிந்த ஸ்பீக்கரில் வருவதுபோல் கேட்கும். லோ-பாஸ் ஃபில்டரும் இல்லையென்றால் இன்னும் மோசம்: 27இன் இரட்டிப்பான 54 மெகாஹெர்ட்ஸ் அங்கே பழைய டி.வி. சேனல் 2 தொடங்கும் இடம்.

மதுரைக்காரர் பெட்டியை விட்டுவிட்டுச் சாலிடரிங் அயர்னை எடுத்தார். அவர் கட்டியது 1999 மார்ச், ஏப்ரல் ‘க்யூ.எஸ்.டி.’ ஹாம் இதழ்களில் வந்த வடிவம். இரண்டு 510, 28 வோல்ட், உள்ளே 1 வாட் கொடுத்தால் வெளியே 40.

அவர் ரிக் தருவதோ 5 வாட். நேராக விட்டால் கேட் போய்விடும். நடுவே 6 டெசிபல் அட்டென்யுவேட்டர் போட்டால் 1.25 வாட் ஆகும். மீதி முக்கால் பங்கு சூடாகப் போவது வயிற்றெரிச்சல்தான், வேறு வழியில்லை. அதற்கு வயர்-வவுண்ட் ரெசிஸ்டர் ஆகாது. உள்ளே சுற்றிய கம்பி தானே ஒரு காயில் ஆகிவிடும்.

பயாஸ் வைப்பதுதான் மூச்சைப் பிடிக்கும் வேலை. ட்ரிம்பாட்டை அடிமட்டத்தில் வைத்து, அம்மீட்டரைப் பார்த்தபடி திருப்ப வேண்டும். கொஞ்ச நேரம் முள் அசையாது. கேட்டில் மூன்று, நான்கு வோல்ட் வந்ததும் விருட்டென்று எழும். அங்கேயே நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். சூடு ஏறினால் கரண்டும் கூடும். அந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்கியதால் ஒரு ஜோடி 510-ஐ அவர் பறிகொடுத்தார்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருகி 28க்கு ஏற்றினார். 40 வாட் வந்தது. கூடவே ரிசீவரில் ‘கொர்ர்’ரென்ற இரைச்சலும் வந்தது. கடைசியில் பழைய டிரான்ஸ்ஃபார்மரே கதி. பெட்டியைத் தூக்க இரண்டு கை வேண்டும்.

5-லிருந்து 40க்குப் போவது 9 டெசிபல், எஸ்-மீட்டரில் ஒன்றரைக் கட்டம். கோவை நண்பர், “ஓ.எம்., கொஞ்சம் ஏறியிருக்கு” என்றார், அவ்வளவுதான். அடுத்த மழைக்குப் பிறகு ஆண்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். எகிற, மாடியில் கோ-ஆக்ஸ் கனெக்டரைப் பிரித்தார். உள்ளே தண்ணீர், செம்பு பச்சை பிடித்திருந்தது. அது ஒரு நாளில் பிடித்த பச்சையில்லை. லீனியர் கட்டிய மாதங்களிலும் அது அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

புதுக் கனெக்டர் போட்டு, செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப்பை இழுத்துச் சுற்றினார். அதற்கான செலவு ஹீட் சிங்க்கின் விலைகூட இல்லை. இப்போது காலையில் லீனியர் அணைந்தே கிடக்கிறது. இரவுக் கூட்டத்துக்கு மட்டும் போடுகிறார். மேசை டிராயரில் ஒரு மாத்திரை டப்பா. அதில் நான்கு உதிரி 510-களும், மறக்காமல், நான்கு பிளாஸ்டிக் புஷ்ஷும்.